துடைப்பத்தின் நீளத்தை யார் முடிவு செய்வது?

2016ஆம் ஆண்டு, சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டாம் நாள் காலை மின்னஞ்சலில் ஒரு படிவம் வந்தது. விண்டோஸ் லேப்டாப்பா, மேக்கா, லினக்ஸா? இரண்டாவது திரை வேண்டுமா? எந்த மாதிரி கீபோர்டு? முதுகுவலி, கழுத்துவலி உண்டா, உண்டென்றால் தனி நாற்காலி தருகிறோம். அரைமணி நேரம் அந்தப் படிவத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். நான்கு பேருக்கு ஒரு கணினி என்று அரசுக் கலைக் கல்லூரியில் படித்தவன் நான். மேக்கைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. பக்கத்து இருக்கைக்காரன் இரண்டே நிமிடத்தில் நிரப்பி அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

அன்றிரவு அம்மாவிடம் போனில் சொன்னேன். அந்தப் பெட்டி என்ன விலை என்று கேட்பார் என நினைத்தேன். "வேல செய்யறவங்ககிட்டயே கேட்டு வாங்கித் தர்றாங்களா சாமி?" என்றார்.

அம்மா எங்கள் ஊர் நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். எங்கள் அருந்ததியர் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது அந்த வேலையில் இருப்பார்கள். விடியற்காலை ஐந்தரைக்கு மஸ்டர். கையில் தென்னை ஈர்க்குச் சீமாறு. அதற்குக் கைப்பிடி கிடையாது. இடுப்பை ஒடித்துக் குனிந்தால்தான் தரையைத் தொடும். 2023இல், குப்பையில் கிடந்த பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றைச் சீமாற்றில் செருகி, சைக்கிள் டியூப்பால் இறுகக் கட்டி, நிமிர்ந்து நின்று கூட்ட ஆரம்பித்தார். நான்கு நாள் கூட்டினார். ஐந்தாம் நாள் மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். அம்மாவைவிட இருபது வயது இளையவர், ஒருமையில்தான் பேசுவார். "என்ன, மகாராணியாட்டம் நிமுந்து நின்னு கூட்டற? குடுத்தத வெச்சு வேலையப் பாரு." அங்கேயே குழாயை அவிழ்க்க வைத்தார்.

அதே ஆண்டுதான் அதே மேற்பார்வையாளரின் போனில் முகம் காட்டி வருகையைப் பதிவு செய்யும் முறையும் வந்தது. விடியாத இருட்டில், தலையில் துண்டு கட்டிய முகத்தைச் செயலி அடையாளம் காணாது. துண்டை அவிழ், வெளிச்சத்துக்கு வா, இன்னும் கிட்ட வா. கடைசிவரை பதியாவிட்டால் அரைநாள் கூலி போகும். தெருவை ஏற்கெனவே கூட்டி முடித்திருந்தாலும் போகும்.

இப்போது நான் உழைப்பும் தொழில்நுட்பமும் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஊழியர்கள் தங்கள் பணிக்கருவியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் என்பது மேலாண்மை எழுத்தில் பெரிதாகக் கொண்டாடப்படும் தலைப்பு. அதற்கென்று கொள்கைகள், மாநாடுகள், ஆலோசகர்கள் எல்லாம் உண்டு. 2015இல் ஐ.பி.எம். நிறுவனம் ஊழியர்கள் விரும்பினால் மேக் எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தது. மறு ஆண்டே கணக்குப் பார்த்து, நான்கு ஆண்டுகளில் ஒரு மேக்குக்கு 273 முதல் 543 டாலர் வரை தங்களுக்கு மிச்சமாகிறது என்றும் சொன்னது. பிடித்த கருவியைக் கொடுத்தால் ஊழியர் உதவி கேட்டு அழைப்பது குறையும், வேலை ஓடும், நிறுவனத்துக்கும் லாபம் என்பதே வாதம். வாதத்தில் தவறில்லை. என்னுடைய கேள்வி வேறு. வேலை செய்பவருக்குத்தான் எந்தக் கருவி சரி என்று தெரியும் என்கிற இந்த எளிய உண்மை, கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் பொருந்துகிறது. தெருவில் குனிந்து நிற்பவருக்கு ஏன் பொருந்தவில்லை?

அது வெறும் வர்க்க வேறுபாடு, சாதியை ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தின் கீழ் 2024 வரை விவரம் திரட்டப்பட்ட ஏறத்தாழ 38,000 கழிவுநீர், மலக்குழித் தொழிலாளர்களில் 92 விழுக்காட்டினர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள். பட்டியல் சாதியினர் மட்டும் கிட்டத்தட்ட 69 விழுக்காடு. இதை வர்க்கம் என்று மட்டும் சொல்லி முடிக்க முடியுமா? சாதி என்பது வேலையைப் பிரிப்பதல்ல, வேலை செய்யும் மனிதர்களைப் பிரித்து அடுக்குவது என்று அண்ணல் 1936லேயே வாதிட்டார். அந்த அடுக்கில் கீழே வைக்கப்பட்டவருக்கு உடம்பு இருக்கிறது, தீர்ப்புச் சொல்லும் அறிவு கிடையாது. எனவே அவரிடம் கருவியைப் பற்றிக் கேட்க ஒன்றுமில்லை. "குடுத்தத வெச்சு வேலையப் பாரு" என்பது மேற்பார்வையாளரின் தனிப்பட்ட திமிர் மட்டுமல்ல. அது மிகப் பழைய வாக்கியம்.

எவ்வளவு பழையது என்பதற்குப் பம்பாய் பஞ்சாலைகளைப் பார்க்கலாம். அங்கே தீண்டப்படாதோர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு நூற்புப் பிரிவில் வேலை கிடைத்தது. கூலி அதிகம் கிடைத்த நெசவுப் பிரிவில் கிடைக்கவில்லை. காரணம் ஒரு கருவி. நாடாவில் தார் தீர்ந்ததும் புதுத் தாரைப் போட்டு, அதன் நூல் முனையை நாடாவின் துளை வழியாக வாயால் உறிஞ்சி வெளியே இழுக்க வேண்டும். ஒருவர் வாய் வைத்த நாடாவில் இன்னொருவர் வாய் வைத்தால் தீட்டு. ஆகவே தலித் தொழிலாளி தறிக்கு அருகிலேயே வரக்கூடாது. 1928 பம்பாய் வேலைநிறுத்தத்தின்போது, நெசவுப் பிரிவை எல்லோருக்கும் திறந்துவிடும் கோரிக்கையையும் சேர்க்க வேண்டும் என்று அம்பேத்கர் வலியுறுத்தினார். சிவப்புக் கொடிச் சங்கத் தலைவர்களுக்கு அது எளிதில் இறங்கவில்லை.

இதில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது நாடாவைப் பற்றித்தான். வாயால் உறிஞ்சும் நாடா நோயைப் பரப்பும் என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1911லேயே அதைச் சட்டம் போட்டுத் தடுத்திருந்தது. கையால் நூல் கோக்கும் நாடா உலகத்தில் இருந்தது. அதை வாங்கிப் போட்டிருந்தால் தீட்டு என்ற சாக்கே போயிருக்கும், நெசவாளர்களின் நுரையீரலுக்கும் நல்லது. பம்பாயில் நாடாவை மாற்றவில்லை, மனிதர்களைத்தான் வெளியே நிறுத்தினார்கள். எந்தக் கருவி என்பதை முடிவு செய்பவர், யார் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறார்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது என்பது உண்மை. முன்பெல்லாம் நம்மவர்களிடம் எந்தத் தொழில்நுட்பமும் வந்து சேராது. இப்போது புத்தம்புதிய தொழில்நுட்பம்தான் முதலில் வருகிறது. அது வேலையை எளிதாக்க வரவில்லை, வேலை செய்பவரைக் கண்காணிக்க வருகிறது. நாக்பூர், பஞ்ச்குலா, சண்டிகர் மாநகராட்சிகள் தூய்மைப் பணியாளர்களின் கையில் ஜி.பி.எஸ். கடிகாரத்தைக் கட்டின. அதற்கு வைத்த பெயர் 'ஹியூமன் எஃபிஷியன்சி டிராக்கிங் சிஸ்டம்'. மனிதரின் திறனை அளக்கிறதாம்! தொழிலாளி எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவர் வரைபடத்தில் பார்ப்பார். இதில் கேமரா இருக்கிறதே, கழிப்பறைக்கும் கட்டிக்கொண்டுதான் போக வேண்டுமா என்று பெண் தொழிலாளர்கள் அஞ்சினார்கள். சண்டிகரில் 2020இல் இதை எதிர்த்துப் போராட்டமே நடந்தது. விஷவாயுவைக் கண்டுபிடிக்கும் கருவியைக் கேட்டு ஆண்டுக்கணக்கில் மனு கொடுத்த சமூகத்தின் கையில், கேட்காமலே கட்டப்பட்டது இந்தக் கடிகாரம்.

நூறு நாள் வேலையிலும் இதே கதை. 2023 ஜனவரி 1 முதல், வேலைத்தளத்தில் தினமும் இரண்டு வேளை என்.எம்.எம்.எஸ். செயலியில் எல்லோரையும் படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். சிக்னல் இல்லாத ஏரிக்கரையில் படம் ஏறாவிட்டால், வெட்டிய மண் அங்கேயே கிடந்தாலும் கூலி கேள்விக்குறி. பெரும்பாலான இடங்களில் பணித்தளப் பொறுப்பாளர் தன் சொந்த போனைத்தான் இதற்குப் பயன்படுத்தினார். ஐ.டி. நிறுவனங்களில் 'உங்கள் சொந்தக் கருவியைக் கொண்டு வாருங்கள்' என்பது ஒரு சலுகை. ஏரிக்கரையில் அதே ஏற்பாடு ஒரு தண்டச் செலவு. அந்த ஆண்டு நூறு நாள் வேலைத் தொழிலாளர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அவர்கள் எதிர்த்தவற்றில் இந்தச் செயலியும் ஒன்று.

எதிர்ப்பு என்று வந்தால் எனக்கு மிகவும் பிடித்தது மகாராஷ்டிர அங்கன்வாடி ஊழியர்கள் 2021 ஆகஸ்டில் செய்தது. அரசு கொடுத்த போன் சூடாகிறது, நினைவகம் போதவில்லை, செயலியோ ஆங்கிலத்தில் இருக்கிறது. மனு எழுதி அலுத்துப்போனவர்கள் ஊர்வலமாகப் போய் போன்களை அலுவலகங்களிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "எங்களுக்குத் தொழில்நுட்பம் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள், இந்தத் தொழில்நுட்பம் சரியில்லை என்று தெரிந்துதான் திருப்பித் தருகிறோம்" என்பதாகவே அதை நான் வாசிக்கிறேன். தேர்வுச் சுதந்திரத்தின் முதல் எழுத்து, வேண்டாம் என்று சொல்ல முடிவதுதான்.

நிமிர்ந்து நிற்பதில் மேற்பார்வையாளருக்கு என்ன கோபம் என்பதற்கும் எனக்கு ஒரு பதில் கிடைத்தது. தேடிய இடம் தூரம், கலிபோர்னியா. அங்கே கீரை, பீட்ரூட் வயல்களில் களையெடுக்கவும் நாற்றுக் கலைக்கவும் மெக்சிகோ, பிலிப்பைன்ஸ் வம்சாவளித் தொழிலாளர்களுக்கு ஒரு முழ நீளக் குட்டைக் களைக்கொத்து கொடுப்பார்கள். 'எல் கோர்டிட்டோ', அதாவது குட்டையன், என்று பெயர். நாள் முழுக்க இரண்டாக மடிந்து வேலை செய்து முதுகெலும்பு போனவர்கள் ஏராளம். தொழிற்சங்கத் தலைவர் சீசர் சாவேஸ் தன்னுடைய முதுகுவலிக்கு அதைத்தான் காரணம் சொன்னார். நீளக் கைப்பிடி போட்டால் பயிர் சேதமாகும் என்றார்கள் முதலாளிகள். தொழிலாளர்கள் சொன்ன காரணம் வேறு: குட்டைக் கொத்து இருந்தால் யார் நிமிர்ந்து நிற்கிறார்கள், அதாவது யார் வேலை செய்யவில்லை என்பதை வயல் ஓரத்தில் இருந்தே மேஸ்திரி பார்த்துவிடலாம். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 1975இல் அந்தக் கருவி தடை செய்யப்பட்டது. பயிர் ஒன்றும் அழிந்துவிடவில்லை. ஜி.பி.எஸ். கடிகாரமும் கைப்பிடியில்லாத சீமாறும் ஒரே குடும்பம் என்று எனக்குப் புரிந்தது இதைப் படித்த பிறகுதான்.

ஊழியர்கள் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேரம் பேசுவது நம் நாட்டில் நடக்காத ஒன்றல்ல. 1960களில் கல்கத்தாவில் எல்.ஐ.சி. ஊழியர்கள் கணினியை உள்ளே விடாமல் அலுவலகத்தின் முன் இரவும் பகலும் காவல் இருந்தார்கள். வங்கிச் சங்கங்கள் 1983, 1987, 1993 என்று கணினிமயமாக்கல் குறித்து நிர்வாகத்தோடு அடுத்தடுத்து ஒப்பந்தம் போட்டன. எத்தனை இயந்திரம், எங்கே, இயக்குபவருக்கு என்ன சிறப்புப் படி என்பதெல்லாம் பேசித்தான் முடிவானது. கணினியை அவர்கள் எதிர்த்தது சரியா தவறா என்பது தனி விவாதம். கேட்காமல் எங்கள் மேசை மேல் எதையும் வைக்கக் கூடாது என்று சொல்லும் பலம் அவர்களுக்கு இருந்தது. அதே வங்கிகளின் தரையைக் கூட்டியவர் பகுதிநேரத் துப்புரவாளர். மூன்றில் ஒரு பங்கு, அரை, முக்கால் என்று அவருடைய ஊதியத்தையே பின்னமாக்கி வைத்திருந்தார்கள். கணினி ஒப்பந்தம் பேசிய அறையைக் கூட்டியவரும் அவராகத்தான் இருந்திருப்பார்.

சட்டம் என்ன சொல்கிறது? ஜெர்மனியில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஊழியரின் நடத்தையையோ செயல்திறனையோ கண்காணிக்கும் எந்தத் தொழில்நுட்பக் கருவியையும், தொழிலாளர் மன்றம் இருக்கும் நிறுவனத்தில் அதன் சம்மதம் இல்லாமல் கொண்டுவர முடியாது. நம்முடைய 1947 தொழில் தகராறுச் சட்டம், வேலை நிலைமைகளில் சில மாற்றங்களைச் செய்ய 21 நாள் முன்னறிவிப்பு கேட்டது. இயந்திரமும் தொழில்முறையும் அந்தப் பட்டியலில் வருவது, அதனால் ஆள்குறைப்பு நேரிடும் என்றால் மட்டும்தான். புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் அந்தப் பட்டியலைத்தான் எடுத்து வைத்துக்கொண்டது. ஆளைக் குறைத்தால் கேள்வி உண்டு. ஆளின் கையில் கண்காணிப்புக் கருவியைக் கட்டினால் இல்லை. அதிலும் ஒப்பந்தத் தொழிலாளி யாரிடம் போய்க் கேட்பது? செயலியைக் கொண்டுவந்தது நகராட்சி, கூலியை வெட்டுவது ஒப்பந்ததாரர்.

இதையெல்லாம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் பேசியபோது ஒரு தோழர் கேட்டது இன்றும் உறுத்துகிறது. "சாதித் தொழிலுக்கு நல்ல சீமாறு கேட்கிறீர்களா? ஒழிக்க வேண்டியதை வசதியாக்கித் தரச் சொல்கிறீர்களா?" நியாயமான கேள்வி. பாதிக்கு மேல் நான் அவரோடு உடன்படுகிறேன். மலக்குழி, பாதாளச் சாக்கடை விஷயத்தில் கருவித் தேர்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே மனிதர் இறங்கக் கூடாது, அவ்வளவுதான். 2013ஆம் ஆண்டுச் சட்டம் மலம் அள்ள ஆளமர்த்துவதைத் தடை செய்தது. ஆனால் அரசு குறிப்பிடும் சாதனங்களோடும் பாதுகாப்பு உபகரணங்களோடும் அள்ளினால் அது மலம் அள்ளும் வேலையாகக் கருதப்படாது என்றும் அதே சட்டம் ஓரமாக ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. கையுறை போட்டால் சாதி போய்விடும் என்பது போல! சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014இல் பத்து லட்சம் என்றது, 2023இல் முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறுகிறது, இறங்கச் சொல்வது நிற்கவில்லை.

ஆனால் தெருக்கூட்டும் வேலை நாளைக்கும் இருக்கும். சாதி ஒழிந்த பிறகும் மரம் இலை உதிர்க்கும், யாரோ ஒருவர் கூட்ட வேண்டும். அந்த வேலையை இன்று செய்பவர் இன்று நிமிர வேண்டாமா? விடுதலை வரும்வரை குனிந்தே இருங்கள் என்று என் அம்மாவிடம் சொல்ல என்னால் முடியாது. அந்தத் தோழராலும் முடியாது என்றே நினைக்கிறேன். இன்னொன்றும் உண்டு. ஒரு வேலைக்கு நல்ல இயந்திரம் வந்து, கூலியும் மதிப்பும் கூடினால், உடனே அதில் அமர வேறு சாதியினர் வருவார்கள். பம்பாய் தறி சொல்லும் பாடம் அது. சாக்கடைக்கு இயந்திரம் வந்தால் இயக்குபவர் யார், சொந்தக்காரர் யார் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். 2019இல் டெல்லி அரசு கழிவுநீர் அகற்றும் 200 வண்டிகளை இறக்கியபோது, அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கும் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்தாருக்கும் முன்னுரிமை கொடுத்து அவர்களையே உரிமையாளர்களாக்க முயன்றது. அது எவ்வளவு தூரம் வென்றது என்ற சண்டையைத் தனியாகப் போடலாம். கேள்வியைச் சரியாகக் கேட்டார்கள்.

ஐ.டி.யில் இருக்கும் நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தச் செயலிகளை எழுதுபவர்களில் நம்மில் சிலரும் இருக்கிறார்கள். நானே வருகைப் பதிவு மென்பொருள் ஒன்றில் எட்டு மாதம் வேலை பார்த்தேன். சோதனைக்கு எங்கள் முகங்களைத்தான் பயன்படுத்தினோம், குளிரூட்டிய அறையின் வெள்ளை வெளிச்சத்தில். இருட்டு, துண்டு, வியர்வை எதையும் நாங்கள் சோதிக்கவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்திருந்தவர்களில், விடியற்காலை ஐந்தரை மஸ்டரைப் பார்த்து வளர்ந்தவன் நான் ஒருவன்தான். வாய் திறக்கவில்லை. படிவத்தில் எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்களே, அந்த மயக்கம் அப்போது இன்னும் தெளிந்திருக்கவில்லை.

சென்ற ஆண்டு அம்மாவின் சங்கக் கிளையில் கோரிக்கைப் பட்டியல் தயாரித்தார்கள். பணிநிரந்தரம், வார விடுப்பு, பி.எஃப். என்று பதின்மூன்று கோரிக்கைகள். அம்மா எழுந்து சீமாற்றுக்குக் கைப்பிடி என்றார். சிலர் சிரித்தார்கள், இதையெல்லாமா எழுதுவது என்று. பின்வரிசையில் இருந்த நான்கைந்து பெண்கள் சிரிக்கவில்லை. செயலாளர் பதினான்காவதாக எழுதிக்கொண்டு, எத்தனை அடி என்று கேட்டார். ஒருவர் நாலு என்றார், ஒருவர் அஞ்சு என்றார், உயரம் குறைவான ஒரு அக்கா மூணரையே போதும் என்றார். கொஞ்ச நேரம் கூச்சலாக இருந்தது.

"ஆளாளுக்கு அளவெடுக்கச் சொல்லுங்க. ஜாக்கெட்டுக்கு எடுக்கறதில்லையா?" என்றார் அம்மா. செயலாளர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். நகராட்சியிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. குழாய்த் துண்டு கடைவீதி டீக்கடைக்குப் பின்னால் இருக்கிறது. மேற்பார்வையாளரின் வண்டி போன பிறகு அம்மா போய் எடுத்துக்கொள்கிறார்.